யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது நம் முன்னோர் மொழி. கோயில் யானை தெருவுக்குள் திரும்புமுன்பே அதன் மணியோசை கேட்டுவிடும். பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவருவார்கள். தெருவில் நெல் காயவைத்தவர்கள் அதை ஒதுக்கிக் குவிப்பார்கள். வீட்டில் வாழைப்பழம் இருந்தால் எடுத்துவந்து நிற்பார்கள். யானை வந்து சேரும்போது தெரு முழுவதும் ஆயத்தமாக இருக்கும். மணி கட்டாத யானை வந்தால் என்ன ஆகும்? எவ்வளவு பெரிய யானையாக இருந்தாலும் அதனால் பயனைவிடக் குழப்பமே மிகுதி.

நம் நாட்டின் தண்டவாளங்களில் இரவும் பகலும் நடைபோடும் சரக்கு வண்டிகளும் யானைகளே. அவற்றுக்கு மணி கட்டும் முயற்சியைப் பற்றியதே இக்கட்டுரை. டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று பெரிய பெயரால் அழைக்கப்படுவது இங்கே செய்ய வேண்டிய வேலை அந்த மணியின் வேலைதான் என்பது என் கருத்து.

இதை நான் எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் எங்கள் ஊர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இக்கல்லூரியில் எனக்குச் சேர்க்கைக் கலந்தாய்வு நடந்த அன்று அப்பா என்னுடன் வரவில்லை. நெல் ஏற்றுவதற்கான காலி வண்டி காலை ஆறு மணிக்கு வரும் என்று முந்தின நாள் மாலையே ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வண்டி வரும்போது இல்லாதவன் பெயர் அடுத்த முறை கூப்பிடும்போது விட்டுப்போகும். ஆகவே அம்மாவும் நானும் மட்டும் பேருந்து ஏறி வந்தோம். படிவத்தில் பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் அம்மா எழுத்துக்கூட்டித் தம் பெயரை மெள்ள எழுதினார்.

மாலை வீடு திரும்பியபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தோளில் போட்ட துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. வண்டி வரவில்லை. மறுநாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் அது வந்தது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவருக்குக் காத்திருந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. "வந்திருக்கலாம் போல" என்று மட்டும் சொன்னார்.

யாரையும் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த வண்டி வழியில் எங்கோ நின்றது. நிற்பதற்குக் காரணமும் இருந்திருக்கும். ஆனால் அது நிற்கிறது என்ற செய்தி எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது, இந்நாட்டின் சரக்குப் போக்குவரத்தின் பெரிய சிக்கல் ஒன்று என் கண்ணுக்குத் தென்பட்டது.

வலிமை இருந்தும் தோல்வி ஏன்?

இந்தியாவில் ரயில் பாதையின் கதை பயணிகளோடு தொடங்கவில்லை, சரக்கோடுதான் தொடங்கியது. 1853-ல் பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகள் வண்டி ஓடியதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்கு முன்பே, 1837-ல், சென்னையை அடுத்த செங்குன்றத்தில் ஓர் இருப்புப் பாதை இயங்கியது. அது சுமந்தது கல். நகரத்துச் சாலைகளைப் போடுவதற்கான கல். பிற்காலத்தில் தனக்குப் போட்டியாக வரப்போகும் சாலைக்குத் தானே கல் சுமந்து கொடுத்தது நம் நாட்டின் முதல் ரயில் பாதை! இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இக்கதைக்கு இருக்க முடியாது.

1950-51-ல் இந்தியாவில் இடம்விட்டு இடம் சென்ற சரக்கில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ரயிலில் சென்றது. 2020-ல் தேசிய ரயில் திட்டம் வகுக்கப்பட்டபோது அது ஏறத்தாழ 27 பங்காகக் குறைந்திருந்தது. அதை 2030-க்குள் 45 பங்காக உயர்த்த வேண்டும் என்பது அத்திட்டத்தின் குறிக்கோள். ரயில் சுமக்கும் அளவு குறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024-25-ல் மட்டும் 160 கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றப்பட்டது. அதில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. நாட்டின் சரக்கு பல மடங்கு பெருகியபோது, பெருகியதில் பெரும்பகுதி லாரிக்குப் போய்விட்டது என்பதே உண்மை.

இது இயற்பியலுக்கு முரணாக அல்லவா இருக்கிறது? எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருளும்போது ஏற்படும் உருளும் உராய்வு, தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு ஏற்படுவதில் ஒரு சிறு பங்கே. ஆகவே ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ரயிலுக்கு லாரியைவிட மிகக் குறைந்த ஆற்றல் போதும். எங்கள் ஊரில் நெல் ஏற்றும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். 42 மூடிய வேகன்கள் கொண்ட ஒரு முழு வண்டியை 'ரேக்' என்பார்கள். அதில் 2,000 டன் நெல் போகிறது. 16 டன் ஏற்றும் லாரியில் அனுப்பினால் 125 லாரி வேண்டும். 125 ஓட்டுநர், 125 எஞ்சின். அங்கே இரண்டு மூன்று பேரும் ஓர் எஞ்சினும் செய்யும் வேலை இது.

அப்படியிருந்தும் வணிகர் லாரியைத் தேடிப் போவது ஏன்? லாரி வாசலுக்கு வருகிறது என்பது ஒரு காரணம். சிறிய அளவு சரக்கையும் ஏற்றும் என்பது இன்னொன்று. 1980-களுக்குப் பின் நம் ரயில்வே பெரும்பாலும் முழு ரேக்காகவே சரக்கு ஏற்றும் முறைக்கு மாறிவிட்டதால், இருபது டன் வைத்திருப்பவருக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஆனால் எங்கள் ஊர் அரிசி மண்டியில் நான் கேட்டு அறிந்த மூன்றாவது காரணம் எனக்குப் புதியது. லாரி கிளம்பிய பிறகு வணிகர் ஓட்டுநரைக் கைபேசியில் கூப்பிடுகிறார். "எங்கப்பா வர்றே?" "திண்டிவனம் தாண்டிட்டேன், முதலாளி." அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஆளைக் கூப்பிடுகிறார், கிடங்கைத் திறந்து வைக்கிறார், பணத்துக்கு ஏற்பாடு செய்கிறார். லாரியின் கழுத்தில் மணி இருக்கிறது. சரக்கு வண்டியின் ஓட்டுநரை எந்த வணிகர் கூப்பிட முடியும்?

காத்திருப்பின் கணக்கு

நம் சரக்கு வண்டிகளின் சராசரி வேகம் நெடுங்காலமாக மணிக்கு 25 கிலோமீட்டரைச் சுற்றியே இருந்தது. இதைக் கேட்டவுடன் எஞ்சினுக்கு வலிமை போதவில்லை என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. ஓடும்போது அவை மணிக்கு 60, 75 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவை. சராசரியைக் கெடுப்பது நிற்கும் நேரம். விரைவு வண்டிக்கு வழிவிட நிற்கும், எஞ்சினுக்காக நிற்கும், இறக்குமிடத்தில் இடமில்லை என்று நிற்கும். 2020-ல் தொற்றுநோய்க் காலத்தில் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்த மாதங்களில், அதே எஞ்சின், அதே வேகன், அதே தண்டவாளத்தில் சராசரி வேகம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியும்?

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். ஒரு வேகன் சரக்கேற்றிப் போய், இறக்கி, மறுபடி அடுத்த சரக்கை ஏற்றும்வரை ஆகும் காலத்தை ஒரு சுற்று என்று கொள்வோம். எடுத்துக்காட்டாக ஒரு சுற்றுக்கு 5 நாள் ஆனால், ஆண்டுக்கு 73 சுற்று. காத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு நாளைக் குறைத்து 4 நாளாக்கினால் 91 சுற்று. அதாவது ஒரு வேகன்கூடப் புதிதாக வாங்காமல், நான்கில் ஒரு பங்கு வேகன்கள் கூடுதலாகக் கிடைத்ததற்கு அது சமம். வேகன் செய்ய இரும்பு வேண்டும், பணம் வேண்டும். காத்திருப்பைக் குறைக்க முதலில் வேண்டியது தகவல்: எந்த வேகன் எங்கே இருக்கிறது, காலியா, நிறைந்ததா, அடுத்து அது யாருக்கு வேண்டும் என்ற தகவல். தகவல் என்பது இங்கே இரும்புக்கு மாற்று எனலாம்.

பெயர் வைப்பதில் உள்ள கணிதம்

ஒரு பொருளைத் தேட வேண்டுமானால் முதலில் அதற்குப் பெயர் வேண்டும். விடுமுறை நாள்களில் அப்பாவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகும்போது வேகன்களின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் நீண்ட எண்கள் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்த சரக்கு எழுத்தர் ஒருவர் அன்புகூர்ந்து அதை எனக்கு விளக்கினார். அது 11 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. அடுத்த இரண்டு அது எந்த ரயில்வே மண்டலத்துக்கு உரியது என்பது. அடுத்த இரண்டு அது செய்யப்பட்ட ஆண்டு. பின்வரும் நான்கு அதன் தனி எண். கடைசி இலக்கத்தைக் காட்டி, "இது காவல்காரன்" என்றார்.

காவல்காரன் எப்படி வேலை செய்கிறான் என்று பார்ப்போம். காட்டுக்காக 3106142735 என்ற பத்து இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்கள் 1, 6, 4, 7, 5. அவற்றின் கூட்டுத்தொகை 23; அதை 3-ஆல் பெருக்கினால் 69. ஒற்றைப்படை இடங்களில் உள்ளவை 3, 0, 1, 2, 3, கூட்டுத்தொகை 9. இரண்டையும் சேர்த்தால் 78. இதை அடுத்த பத்தின் மடங்காகிய 80 ஆக்க 2 வேண்டும். ஆகவே பதினோராவது இலக்கம் 2. முழு எண் 31061427352.

எழுதுபவர் கைதவறி நான்காவது இலக்கமான 6-ஐ 8 என்று பதிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 84 ஆகும். கடைசி இலக்கம் 6 ஆக இருக்க வேண்டும். ஆனால் 2 இருக்கிறது. கணிப்பொறி உடனே "தவறு" என்று சொல்லிவிடும். ஓர் இலக்கம் மட்டும் மாறினால் அது எதுவாக இருந்தாலும் இந்த முறை கண்டுபிடித்துவிடும். 3-க்கும் 10-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லை என்பதே காரணம். நம் கணித வகுப்பில் படித்த சிறு உண்மை, வெயிலில் நிற்கும் வேகனின்மேல் எழுதப்பட்டிருப்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இந்தக் காவல்காரனும் சில வேளை கண்ணயர்வான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம்மாறினால் கூட்டுத்தொகை அவற்றின் வேறுபாட்டைப் போல் இரு மடங்கு மாறும். மேற்சொன்ன எண்ணில் 27 என்பது 72 ஆகிவிட்டால் வேறுபாடு 5. இரு மடங்கு 10. கடைசி இலக்கம் மாறாது. தவறு தப்பித்துப் போகும். இரவில், மழையில், கைவிளக்கு வெளிச்சத்தில் மனிதர் படித்து எழுதும் எண்ணை முழுவதும் நம்ப முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேகன் தன் பெயரைத் தானே சொன்னால் நன்றாயிருக்கும் அல்லவா?

அழுக்கிடம் தோற்ற அறிவு

இந்த எண்ணம் அமெரிக்காவில் 1960-களிலேயே தோன்றியது. 'கார்ட்ராக்' என்ற முறையில் ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் வண்ணப் பட்டைகளை ஒட்டினார்கள். பாதையோரத்தில் இருக்கும் கருவி ஒளியைப் பாய்ச்சி, ஓடும் வண்டியின் வண்ணப் பட்டைகளைப் படிக்கும். இன்று கடையில் சோப்பின்மேல் நாம் காணும் கோட்டுக் குறியீட்டுக்கு இது மூத்த உறவு. 1967-ல் அந்நாட்டு ரயில் நிறுவனங்கள் இதை ஏற்றுக்கொண்டு, வேகன்கள்தோறும் ஒட்டத் தொடங்கின. ஆனால் தூசியும் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டைகளின்மேல் படிந்தன. துடைக்க ஆளில்லை. படிக்க முடியாத பட்டைகள் பெருகின. 1970-களின் இறுதியில் அம்முறை கைவிடப்பட்டது. அறிவியலை அழுக்கு வென்றது!

தோல்வியிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1990-களில் ஒளிக்குப் பதில் ரேடியோ அலை வந்தது. வேகனில் ஒரு சிறு வில்லையைப் பொருத்துவார்கள். அதற்கு மின்கலம் தேவையில்லை. பாதையோரக் கருவி அனுப்பும் அலையிலிருந்தே வேண்டிய ஆற்றலைப் பெற்றுக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அதன்மேல் அழுக்குப் படிந்தாலும் அலை ஊடுருவிப் போகும். ஆர்.எஃப்.ஐ.டி. என்று இதற்குப் பெயர். 2021 முதல் நம் சுங்கச்சாவடிகளில் லாரிகளின் கண்ணாடியில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். இந்திய ரயில்வேயும் வேகன்களில் இவ்வில்லையைப் பொருத்தும் பணியில் இறங்கியுள்ளது.

கருவியை விட்டுவிட்டு, கருவி தரும் செய்தியைக் கையாளும் முறைக்கு வருவோம். சதர்ன் பசிபிக் என்ற அமெரிக்க ரயில் நிறுவனம் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 1960-களில் 'டாப்ஸ்' என்ற கணிப்பொறி முறையை உருவாக்கியது. ஒவ்வொரு வேகனும் எங்கே இருக்கிறது, எதைச் சுமக்கிறது என்பதை அது கணக்கில் வைத்துக்கொள்ளும். பிரிட்டிஷ் ரயில்வே இதை 1971-ல் வாங்க முடிவுசெய்து, 1975-க்குள் நாடு முழுதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்நாட்டு எஞ்சின்கள் இன்றுவரை டாப்ஸ் வைத்த வகை எண்ணாலேயே அழைக்கப்படுகின்றன. ஆயினும் அதன் பிறகும் பிரிட்டனில் ரயில் சரக்கு லாரியிடம் தோற்றுக்கொண்டே இருந்தது. கணிப்பொறி வாங்கினால் மட்டும் போட்டியில் வெல்ல முடியாது என்பதற்கு இது சான்று. யானை எங்கே நிற்கிறது என்று பாகனுக்குத் தெரிவது வேறு. தெருவுக்குத் தெரிவது வேறு.

நம் நாட்டில் நடந்திருப்பவை

1986-ல் 'கிரிஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரயில்வே தகவல் முறைமைகள் மையம் நிறுவப்பட்டது. அது உருவாக்கி நடத்திவரும் சரக்கு இயக்கத் தகவல் முறையை ரயில்வேக்காரர்கள் 'ஃபாய்ஸ்' என்பார்கள். ரேக் எந்த நிலையத்தைத் தாண்டியது, எப்போது நின்றது, எந்த எஞ்சின் இழுக்கிறது என்பது அதன் ஒரு பகுதி. சரக்கு நிலையத்தில் எத்தனை வேகன் ஏற்றப்பட்டது, எடை என்ன, கட்டணம் என்ன என்பது மற்றொரு பகுதி.

இதனால் விளைந்த நன்மைகள் பல. முன்பு வேகன் வேண்டுவோர் நேரில் சென்று எழுதிக்கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இப்போது கணிப்பொறி வழியாகவே பதிவு செய்யலாம். சரக்கை ஏற்றியவுடன் கொடுக்கப்படும் ரயில்வே ரசீது வெறும் சீட்டு அன்று. அதை ஒப்படைப்பவரிடமே சரக்கை ஒப்படைப்பார்கள். முன்பு அந்தக் காகிதம் தபாலில் போய்ச் சேர வேண்டும். வண்டி முந்திக்கொண்டு காகிதம் பிந்திவிட்டால் சரக்கு முடங்கிக் கிடக்கும். இப்போது ரசீதையும் மின்னணு முறையில் அனுப்பலாம்.

எடை போடுவதிலும் மாற்றம் வந்துள்ளது. வண்டியை நிறுத்தாமல், மெதுவாக ஊர்ந்து செல்லும்போதே ஒவ்வொரு வேகனையும் எடை போடும் மின்னணுப் பாலங்கள் உள்ளன. மேலும், வேகனின் அச்சு சுழலும் பெட்டி சூடேறினால் அச்சு முறியக்கூடும். அந்த ஒரு வேகனால் பாதை முழுவதும் அடைபடும். கடந்து செல்லும் அச்சுப் பெட்டிகளின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரால் அளந்து எச்சரிக்கும் கருவிகளும், வட்டம் கெட்ட சக்கரம் தண்டவாளத்தை அடிக்கும் அடியை அளக்கும் கருவிகளும் பல இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. எதிர்பாராத நிறுத்தங்களை இவை குறைக்கும். 2022-ல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த தளவாட இணைப்புத் தளம் ரயில், சாலை, துறைமுகம் ஆகியவற்றின் தகவல்களை ஓரிடத்தில் இணைக்கிறது. சிறு சிறு சரக்குகளைத் திரட்டி ஒரு முழு ரேக்காக்கும் தரகு வேலையையும் இத்தகைய தளங்கள் வழியே செய்ய முடியும். அது கைகூடினால், இருபது டன் வைத்திருக்கும் வணிகருக்கும் ரயிலின் கதவு மறுபடி திறக்கும்.

கடைசி நூறு கஜம்

இவ்வளவையும் படித்து அறிந்தபின் ஒரு நாள் இரவு, சாப்பிட்டு முடித்த அப்பாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வண்டி எங்க நிக்குதுன்னு அந்தப் பொட்டிக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றார். "தெரிந்திருக்கும் அப்பா" என்றேன். "அப்ப எங்ககிட்ட மட்டும் ஏன் தம்பி சொல்லல?" என்றார்.

என்னிடம் விடையில்லை. நான் படித்த எல்லாவற்றையும்விட அந்தக் கேள்வி பெரிதாகப் பட்டது. சரக்கின் உரிமையாளர் தம் வண்டி எங்கே என்று கணிப்பொறியில் பார்க்க முடியும். அவரிடமிருந்து ஒப்பந்தக்காரருக்கு, ஒப்பந்தக்காரரிடமிருந்து மேஸ்திரிக்கு, மேஸ்திரியிடமிருந்து ஆட்களுக்கு என்று செய்தி கைமாறி வரவேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஒரு நொடியில் பறந்து வரும் செய்தி, ஷெட்டுக்குக் கடைசி நூறு கஜத்தை நடந்து வருகிறது. சில நாள் வராமலும் போகிறது.

இது தொழிலாளியின் தனிப்பட்ட துன்பம் மட்டும் அன்று என்பதை நான் வலியுறுத்த விரும்புகிறேன். 2,000 டன் நெல் என்பது 40 கிலோ மூட்டையில் 50,000 மூட்டை. நூறு பேர் தூக்கினால் தலைக்கு 500 மூட்டை. ரேக் வந்து நின்றவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஏற்றவும் இறக்கவும் குறிப்பிட்ட நேரம் உண்டு. தாண்டினால் 'டெமரேஜ்' என்ற தண்டம் கட்ட வேண்டும். ஆட்கள் காத்துக் காத்துக் களைத்து வீட்டுக்குப் போன பிறகு நள்ளிரவில் ரேக் வந்தால், அவர்களை மறுபடி திரட்டுவதற்குள் பாதி நேரம் போய்விடும். வணிகர் தண்டம் கட்டுகிறார். வேகன் தேங்குகிறது. அடுத்த ஊரில் அந்த வேகனுக்காகக் காத்திருப்பவர் லாரியைக் கூப்பிடுகிறார். நான் முன்பு போட்ட கணக்கில் 5 நாள் 4 நாளாவதும் ஆகாததும் தீர்மானிக்கப்படுவது பெரிய அலுவலகங்களில் மட்டும் அன்று; எங்கள் ஊர் ஷெட்டின் வாசலிலும்தான்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நம் வீட்டார் வரும் பயணிகள் வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்பதை இன்று எல்லோரும் கைபேசியில் பார்க்கிறோம். அதுபோல ரேக் புறப்பட்டபோது ஒன்று, நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது ஒன்று, முந்தைய நிலையத்தைத் தாண்டியபோது ஒன்று என மூன்று செய்திகள் ஷெட்டில் பதிவு பெற்ற ஒவ்வொரு தொழிலாளியின் கைபேசிக்கும் போகட்டும். அது எழுத்தாக மட்டும் இல்லாமல் தமிழில் குரலாகவும் வரட்டும். ஏனென்றால் என் தந்தையார் படிக்கத் தெரியாதவர். அவருடன் வேலை செய்வோர் பலரும் அப்படியே.

இன்னொரு கேள்வியையும் நான் மறைக்க விரும்பவில்லை. ரயில் சரக்கு இப்படி முன்னேறினால், நாளை பெட்டகமும் தூக்கி இயந்திரமும் வந்து மூட்டை தூக்கும் வேலையே போய்விடாதா? போகலாம். அந்தச் சுமை மனிதர் தலையிலிருந்து இறங்குவதில் எனக்கு வருத்தமில்லை. அப்பாவின் கழுத்து இருக்கும் நிலையை நாள்தோறும் பார்ப்பவன் நான். ஆனால் சுமை இறங்கும்போது அடுப்பும் அணைந்துவிடக் கூடாது. இயந்திரத்தை இயக்கும் பயிற்சியும் வேலையும் முதலில் அங்கே தூக்கிக்கொண்டிருப்பவர்களுக்கே கிடைக்க வேண்டும். புதிய கருவியைக் கொண்டுவருவோர் இந்தக் கணக்கையும் சேர்த்தே போட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை கணிப்பொறித் துறைக்குப் போகக்கூடும். சிலர் ரயில்வேத் தேர்வு எழுதி அங்கேயே பணியாற்றவும் கூடும். அப்போது ஏதேனும் ஒரு திரையின்முன் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். அதில் ஒரு வண்டி ஏதோ ஒரு சிறு நிலையத்தில் நிற்பதாக ஒரு புள்ளி காட்டும். அந்தப் புள்ளியின் மறுமுனையில், தோளில் துண்டோடு தண்டவாளத்தைப் பார்த்தபடி நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறவாதீர்கள். அவர்களில் ஒருவருக்கு அன்று தம் பிள்ளையோடு போகவேண்டிய இடம் ஒன்று இருக்கலாம்.

யானை தாமதமாக வரட்டும், பொறுத்துக்கொள்ளலாம். மணியோசையாவது நேரத்துக்கு வரவேண்டும்.